லூயி பாடி டிமென்ஷியா: சித்தப்பாவுக்கு முதியோர் பராமரிப்பு இல்லம் பார்க்கிறோம், எதை வைத்து முடிவு செய்வது?

திருகாணி:

என் சித்தப்பா கடிகாரம் ரிப்பேர் செய்தவர். வயது 78. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். வந்திருப்பது லூயி பாடி டிமென்ஷியா, அதாவது மறதி நோயில் ஒரு வகை, என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். மறதியைவிட மற்ற தொல்லைகள்தான் அதிகம். சாயங்காலமானால் பீரோ பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பார். பயமெல்லாம் இல்லை, "அதுங்களை உட்காரச் சொல்லேன்" என்று என்னைத்தான் கடிந்துகொள்வார். தூக்கத்தில் கை காலை வீசிக் கட்டிலிலிருந்து விழுகிறார். காலையில் தெளிவாகக் கணக்குப் பேசியவர் மத்தியானம் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கை மட்டும் சும்மா இருக்காது. ரிமோட், குழாய்ப்பிடி, என் மூக்குக்கண்ணாடி என்று எது கிடைத்தாலும் கழற்றிப் பரப்பிவிடுவார்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் முறை வைத்து விழித்திருக்கிறோம், இனிமேல் முடியாது. (வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கூடாதா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சொந்தக்காரர்கள் அந்த வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறார்கள்.)

இரண்டு இல்லங்கள் பார்த்தோம். முதல் இடம் புதுக் கட்டடம். லிஃப்ட், பிசியோதெரபி அறை, எல்லா அறையிலும் கேமரா, வீட்டிலிருந்தே பார்க்க ஒரு ஆப். ஆனால் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் மேடம்" என்பதற்கு மேல் மேலாளரிடமிருந்து எதுவும் வரவில்லை. இரண்டாவது இடம் பழைய வீடு, சுவரில் ஓதம் தெரிகிறது. அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா எங்களைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்: எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், பாத்ரூம் வந்தால் சொல்வாரா, கோபம் வருவதற்கு முன்னால் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று. மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அங்கே இரவில் 18 பேருக்கு ஒரே ஒரு ஆள்.

வெறும் நல்ல மனசை நம்பி விட முடியாது இல்லையா? என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓரப்பார்வை:

கேமராவைப் பார்த்து மயங்காதீர்கள். விழுந்ததை அது படம் பிடிக்கும், விழாமல் பிடித்துக்கொள்ளாது. அதோடு, குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் அந்த அறையில்தானே நடக்கும்? அந்தப் படத்தை யார் யார் பார்க்க முடியும் என்று கேளுங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

ராத்திரி ஷிஃப்ட்:

இந்த மாதிரி இல்லங்களில் நர்ஸாகப் பல வருடம் இருந்தேன், பெரும்பாலும் இரவில். லூயி பாடி என்று எழுதியிருப்பதால் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சாயங்காலம் ஒருவர் கத்துகிறார், தள்ளிவிடுகிறார், டியூட்டியில் ஆள் குறைவு. அந்த நேரத்தில் பல இடங்களில் கை நேரே போவது ஹாலோபெரிடால் மாதிரியான மருந்துக்கு. இவற்றை ஆன்டிசைகாடிக் என்பார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 1.6 முதல் 1.7 மடங்கு இருந்தது. முதலில் புது மருந்துகளுக்குத்தான் அந்த எச்சரிக்கை. 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழையவற்றையும் சேர்த்தார்கள். இது எந்த டிமென்ஷியாவுக்கும் பொருந்தும். லூயி பாடியில் ஆபத்து இன்னும் ஒரு படி மேலே. கொஞ்சம் மருந்துக்கே உடம்பு விறைத்து, விழுங்க முடியாமல், சுயநினைவு மங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால், "மயக்க மருந்து கொடுப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக இங்கே ஒருவர் ரொம்ப ஆர்ப்பாட்டம் செய்தது எப்போது, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "ஊசி போட்டோம், நல்லாத் தூங்கினார்" என்று பெருமையாக வந்தால் எழுந்துவிடலாம். "எங்கேயாவது வலியா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா என்று பார்த்தோம்" என்று வந்தால் தொடர்ந்து பேசலாம். நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாக மாறினால், பெரும்பாலும் டிமென்ஷியா முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. அவர்களால் அதை வாயால் சொல்ல முடியாது. மூச்சு, முனகல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும் பெய்னாட் என்ற முறை இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, வலியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால் ஏதாவது ஒரு முறையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: லூயி பாடி, தன்னைக் கேட்காமல் ஆன்டிசைகாடிக் கொடுக்கக் கூடாது என்று. ஃபைலில் ஒன்று, மருந்து அலமாரியில் ஒன்று, உங்கள் கைப்பையில் ஒன்று. பாதி ராத்திரியில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மூன்றாவதுதான் கைகொடுக்கும். அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின், சிறுநீர் அடக்கக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவையும் குழப்பத்தைக் கூட்டும். இதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரவு ஆள் கணக்குக்கு வருவோம். 18 பேருக்கு ஒருவர் என்பதை எண்ணிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். அந்த 18 பேரில் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியவர் ஒருவர் இருந்தாலும் கதை முடிந்தது. அவருக்குத் துணி மாற்ற வேண்டுமென்றால் விடியும்வரை நனைந்தபடி கிடப்பார், இல்லாவிட்டால் தனி ஆளாகத் தூக்கி இரண்டு பேருமே விழுவார்கள். இரவு ஆள் விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் எழுந்து வருபவரா என்பதும் தனிக் கேள்வி. உங்கள் சித்தப்பா தூக்கத்தில் கை கால் வீசுகிறார். கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு போட்டுவிடுவோம் என்றால் சம்மதிக்காதீர்கள். அதில் ஏறித் தாண்டப் பார்ப்பார், விழும் உயரம்தான் கூடும், இடுக்கில் சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. தாழ்வான கட்டில், கீழே மெத்தை, அது போதும். லூயி பாடிக்காரர்கள் பலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். உட்காரவைத்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் எழுப்ப வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் சாதாரண ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலாளருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

பிள்ளைகள் விஷயம். ஊழியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள், "எங்க சித்தப்பா பீரோ பக்கத்துல பிள்ளைங்க நிக்குதுன்னு சொல்வார்." "அங்க யாரும் இல்ல தாத்தா" என்று திருத்துபவரைவிட, "அப்படியா, என்ன பண்றாங்க?" என்று கேட்பவர் தேவலை. சித்தப்பாவுக்குப் பயம் இல்லாதவரை அதற்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

பல்செட்:

மேலே நர்ஸ் அம்மா சொன்னதோடு, போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் பதினொரு மணிக்கு எந்த இல்லமும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாட்டு வேளைக்குப் போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல்.

என் அம்மாவுக்காக ஒரு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் நின்றுகொண்டே இரண்டு பாட்டிகளுக்கு மாற்றி மாற்றி ஊட்டினார். இடது பக்கப் பாட்டி இன்னும் விழுங்கவில்லை, கன்னம் உப்பியிருக்கிறது, அடுத்த கரண்டி உதட்டைத் தட்டுகிறது. பாட்டி இருமினார். அந்தப் பெண் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தார். கொடுமைக்காரி எல்லாம் இல்லை, பாவம், அவருக்கு இன்னும் நாலு பேர் பாக்கி. ஆனால் சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆவது இந்த நோயில் சர்வ சாதாரணம், முற்றிய நிலையில் உயிர் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும் அதுதான். வேறு இடம் பார்த்தோம். அங்கே உட்கார்ந்து, கண்ணுக்கு நேராக முகம் வைத்து ஊட்டினார்கள். மெதுவாக. என்னைப் பொறுத்தவரை பிசியோதெரபி அறையைவிட அது பெரிய வசதி.

எடைக் குறிப்பைக் கேளுங்கள். மாதாமாதம் நிறுக்கிறார்களா? ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் என்ன செய்வார்கள்?

காட்டும் அறையோடு திரும்பிவிடாதீர்கள், அங்கே இருப்பவர்கள் தினமும் போகும் பாத்ரூமைப் பாருங்கள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோப்பை என்றால் அவர்களுக்கு எங்கே உட்காருவது என்றே புரியாது. கருப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், தாண்டப்போய் விழுவார்கள். நாற்றம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஒரு அறையில் லேசாக வந்தால் இப்போதுதான் ஏதோ நடந்திருக்கும், விடுங்கள். நடைவழி முழுக்க வந்தால் யோசிக்க வேண்டும். மூக்கைத் துளைக்கிற பினாயில் வாசனை வந்தாலும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் பல்செட், காது மெஷின், கண்ணாடி மூன்றிலும் பெயர் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் பல்செட் பக்கத்துக் கட்டில் பாட்டி வாயில் இருந்தது. ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

பாண்டு பேப்பர்:

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். எந்த நிலை வந்தால் வெளியே அனுப்புவார்கள் என்பதுதான் முக்கியம். "பிறருக்கு இடையூறு" என்று ஒரு வரி இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதி வாங்குங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா? மருத்துவமனையில் சேர்த்தால் கட்டிலை எத்தனை நாள் காலியாக வைப்பார்கள், அந்த நாளுக்கும் பணமா? டயாபர், தனி ஆள், டாக்டர் வருகை எல்லாம் கட்டணத்துக்குள்ளா வெளியிலா?

திருகாணி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் போய்வந்தோம்.

புது இடத்தில், ஒருவர் ஆர்ப்பாட்டம் செய்தால் என்ன செய்வீர்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டேன். மேலாளர் யோசிக்காமல், "எங்க டாக்டர் ஃபோன்லயே டோஸ் சொல்லிடுவார், பத்து நிமிஷத்துல அமைதியாயிடுவாங்க" என்றார். லூயி பாடி என்று நான் சொன்ன பிறகும் அதே பதில்தான். அது முடிந்தது.

பழைய வீட்டில் சாயங்காலம் ஒரு தாத்தா வாசல் கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தார். ஆயா போய் இழுக்கவில்லை, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே கூட இரண்டு சுற்று நடந்தார், நாலாவது நிமிடம் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஊட்டுவதும் உட்கார்ந்துதான். ஆனால் பாத்ரூம் சுமார். இரவு ஆள் பற்றிக் கேட்டதற்கு அந்த மேற்பார்வை அம்மா மழுப்பவில்லை: தூக்கிவிட வேண்டியவர்கள் மூன்று பேர், பின்கட்டில் தங்கியிருக்கும் இன்னொருவரை மணி அடித்துக் கூப்பிடுவோம், இரண்டாவது ஆளுக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். கைப்பிடிக் கம்பி போட நாங்கள் பணம் தருகிறோம் என்றோம், சரி என்றார். நேரே சேர்த்துவிடாமல் முதலில் கொஞ்ச நாள் தங்கவைத்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அந்த நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

ராத்திரி ஷிஃப்ட்:

இரண்டாவது ஆள் எப்போது வருவார் என்று தேதி கேளுங்கள். தேடுகிறோம் என்பதை நானும் பல வருடம் கேட்டிருக்கிறேன். அதுவரை ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் போய், அந்த மணியை அடிக்கச் சொல்லி எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இடம் மாறியதும் முதலில் குழப்பம் கூடத்தான் செய்யும். வீட்டுக்குக் கூட்டிப்போ என்பார், சாப்பாடு குறையும், தூக்கம் கெடும். அதை வைத்து இல்லத்தை எடை போடாதீர்கள். நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று நடக்கவில்லை, பகல் முழுக்க மயங்கிக் கிடக்கிறார், எச்சில் ஒழுகுகிறது, கை விறைப்பாக இருக்கிறது என்றால் "பழகிட்டார், அமைதியாயிட்டார்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைய மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பெயராக நரம்பியல் மருத்துவருக்குப் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கே.