ஏற்றத்தில் மட்டும் டிரான்ஸ்மிஷன் 240 டிகிரி: தனி கூலர் போட்டால் தீருமா?

ஆறுசக்கரம்:
2005 மாடல், 38 அடி டீசல் மோட்டார் ஹோம் (வீட்டு வசதியுள்ள வண்டி). எஞ்சின் பின்னால்: கம்மின்ஸ் ஐஎஸ்சி 8.3 லிட்டர், 330 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் அலிசன் 3000 எம்எச், ஆறு கியர். ரேடியேட்டரும் பின்பக்கம்தான். பின்னால் 3,500 பவுண்டு கார் ஒன்றை இழுக்கிறேன்.

சமதரையில் கூலண்ட் 185, டிரான்ஸ்மிஷன் 190 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் போகாது. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கமிருந்து ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே கிரேப்வைன் மலை ஏறும்போதுதான் தொல்லை. வெளியே 98 டிகிரி, பாதி ஏற்றத்திலேயே கூலண்ட் 216, டிரான்ஸ்மிஷன் 240. உச்சியைத் தாண்டினால் மெதுவாக இறங்குகிறது. டிரான்ஸ்மிஷன் ஆயிலில் கருகிய வாடை இல்லை. ஃபேன் வைத்த தனி ஏர் கூலர் வாங்கலாமா?

நெடுவழி:
வாங்கிப் போடுங்கள். பிக்கப் வண்டிக்கு விற்கிற தட்டுக் கூலர் விலையும் குறைவு, அரை நாள் வேலை.

பின்எஞ்சின்:
கொஞ்சம் பொறுங்கள். நெடுவழி சொல்கிற கூலரில் குழாய் வாய் அரை அங்குலம் இருக்கும். 3000-க்கு வரும் கூலர் ஹோஸ் அதைவிட நன்றாகப் பெரியது. சின்ன வாயில் ஆயிலை நெருக்கினால் ஓட்டம் குறையும். கூலிங்கும் போச்சு, லூப்ரிகேஷனும் போச்சு.

முதலில் அந்த 240 எந்த இடத்துச் சூடு என்று தெரிய வேண்டும். சம்ப்பில் (கியர்பாக்ஸ் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) சாதாரணமாக 160–200 இருக்கும், 250 உச்ச வரம்பு. கன்வெர்ட்டரிலிருந்து (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கூலருக்குப் போகும் ஆயிலுக்கு 300 வரை அனுமதி. சம்ப்பில் 240 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள், கூலர் லைனில் 240 என்றால் அவ்வளவு பயமில்லை. டேஷ்போர்டு மீட்டரின் சென்சாரை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஸ்கேன்கேஜ்-டி போல ஒன்றை டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சொருகினால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரே தன் கணக்கைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது, இந்த வகை வண்டியில் டிரான்ஸ்மிஷன் ஆயிலை ஆற்றுவது காற்று இல்லை, எஞ்சின் கூலண்ட்தான். ஆயில் கூலண்டிடம் சூட்டைக் கொடுக்கிறது, கூலண்ட் ரேடியேட்டரிடம் கொடுக்கிறது. 216-ல் இருக்கும் கூலண்டால் ஆயிலை 216-க்குக் கீழே இறக்கவே முடியாது. அதனால் மூன்று விஷயம் சொல்லுங்கள்:

1. ஏற்றத்தில் முதலில் ஏறுவது எது, கூலண்டா டிரான்ஸ்மிஷனா?
2. ஆயில் அளவைச் செலக்டரில் (கியர் மாற்றும் பட்டன் பலகை) பார்த்தீர்களா? சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரல், எஞ்சின் ஐடில், ஆயில் 140–220 டிகிரிக்குள். மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். இரண்டு நிமிடம் எண்ணிவிட்டு அளவைக் காட்டும். ஆயில் லெவல் சென்சார் உள்ள வண்டியில்தான் இது வரும்.
3. எந்தக் கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் ஏறுகிறீர்கள்?

ஆறுசக்கரம்:
ஸ்கேன்கேஜிலும் சம்ப் 238, மீட்டர் பொய் சொல்லவில்லை. முதலில் ஏறுவது கூலண்ட், இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிரான்ஸ்மிஷன் தொடர்கிறது. செலக்டரில் "ஹெச்ஐ 2" என்று வந்தது. ஏறுவது ஐந்தாம் கியரில், 1,550 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் தரை வரை. எகானமி மோடு எப்போதும் ஆன்.

பின்எஞ்சின்:
அப்படியானால் கியர்பாக்ஸ் பலியாடு. மூலம் கூலிங் பக்கம் இருக்கிறது, ஓட்டும் முறை அதைப் பெரிதாக்குகிறது.

"ஹெச்ஐ 2" என்றால் இரண்டு குவார்ட் (சுமார் இரண்டு லிட்டர்) அதிகம். கூடுதல்தானே, நல்லதுதானே என்று விடாதீர்கள். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை சூட்டைக் கடத்தாது, பம்புக்கும் காற்று போகும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பு வைத்து இரண்டு குவார்ட் உறிஞ்சிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

1,550-ல் முழு ஆக்சிலரேட்டர் என்பது எஞ்சினிடம் முழுச் சூட்டை வாங்கிக்கொண்டு வாட்டர் பம்பையும் ஃபேனையும் அரைத் தூக்கத்தில் விடுவது. ஏற்றம் தொடங்கும் முன்பே எகானமி மோடு பட்டனை அணைத்து, கீழ் அம்பால் நான்காம் கியருக்கு வாருங்கள். 2,000-க்குக் குறையாமல் வைத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் இறங்கினால் இறங்கட்டும்.

லாக்அப்பையும் (கன்வெர்ட்டர் வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தும்போது வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் தாவினால் கன்வெர்ட்டர் வழுக்குகிறது. அந்த வழுக்கல் முழுவதும் ஆயிலில் சூடாகத்தான் இறங்கும். செங்குத்து ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போவதில் இந்த ஆபத்து அதிகம். இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

பட்டறைமூலை:
ரேடியேட்டரைப் பின்னாலிருந்து பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். பின் ரேடியேட்டர் வண்டியில் ஃபேன் காற்றை எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிறது. முதலில் டர்போ அனுப்பும் காற்றை ஆற்றும் சார்ஜ் ஏர் கூலர், அதன் பின்னால் ரேடியேட்டர். எஞ்சின் பிரீதர் குழாய் கக்கும் எண்ணெய் ஆவியும் சாலைத் தூசியும் சேர்ந்து சார்ஜ் ஏர் கூலரின் ஃபேன் பக்க முகத்தில் கம்பளி மாதிரி படியும். அது தெரிய வேண்டுமானால் படுக்கையைத் தூக்கி, எஞ்சின் மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கழுவும் விதம்: எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஒயரிங் பெட்டி, காற்று உள்ளிழுக்கும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் எழுதிய டிகிரீசரை ஃபேன் பக்கமிருந்து தெளித்து 15 நிமிடம் ஊறவிடுங்கள், காயக் கூடாது. பிறகு பின்பக்கமிருந்து தோட்டத்து ஹோஸால், வந்த வழியே அழுக்கு திரும்பிப் போகும்படி அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஃபின் (மெல்லிய தகடு) மடங்கினால் அந்த இடத்தில் காற்று போகாது. தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று நான்கு சுற்று ஆகும். முதல் சுற்றில் கறுப்புச் சேறு கொட்டும். அதோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

பிரீதர் குழாயையும் ஹோஸ் போட்டு நீட்டி, ஃபேனைத் தாண்டிக் கீழே இறக்கிவிடுங்கள். உள்விட்டம் குறையக் கூடாது, எங்கும் தொங்கல் விழக் கூடாது. தொங்கலில் தண்ணீர் தேங்கிக் குளிரில் உறைந்தால் கிரேங்க் கேஸ் (எஞ்சின் அடிக்கூடு) அழுத்தம் சீல்களைத் தள்ளிவிடும்.

ஆறுசக்கரம்:
கழுவியாயிற்று, ஐந்து சுற்று. இரண்டு குவார்ட் எடுத்தேன், இப்போது "ஓகே" காட்டுகிறது. அதே ஏற்றம், வெளியே 95 டிகிரி, நான்காம் கியர், 2,100 ஆர்பிஎம்: கூலண்ட் 201, டிரான்ஸ்மிஷன் 212. ஆயிலை மாற்ற வேண்டுமா? இனி மறுபடி 240 வந்தால் வழியில் என்ன செய்வது?

பின்எஞ்சின்:
240 வரை பலமுறை போன ஆயில், வயதும் தெரியாது என்றால் மாற்றுவேன். அலிசனின் ஆயில் தரமான டெஸ் 295 அல்லது அதன் இடத்துக்கு வந்த டெஸ் 668 அங்கீகாரம் உள்ளதாக வாங்குங்கள். நான்கு அங்குல சம்ப் என்றால் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். கன்வெர்ட்டரிலும் லைனிலும் பழையது கொஞ்சம் தங்கும். ஃபில்டர்களையும் கூடவே மாற்றுங்கள். வடித்த ஆயில் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் நிறத்தில் இருந்தாலோ, கூலண்ட் டேங்கில் சிவப்புப் படலம் மிதந்தாலோ கூலர் உள்ளுக்குள் உடைந்திருக்கிறது. அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சை, கூலண்டில் உள்ள கிளைகால் உரித்துவிடும்.

வழியில் சூடேறினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் 1,200–1,500 ஆர்பிஎம் கொடுங்கள். எஞ்சினை உடனே அணைத்தால் கூலண்டும் ஆயிலும் ஓடாமல் நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

நெடுவழி:
சரி, கூலர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் அரிசோனா வெயிலில் 112 டிகிரியில் ஓட்டுபவர்களுக்கு?

பின்எஞ்சின்:
எல்லாம் சுத்தமாக இருந்தும் போதாவிட்டால் போடலாம். கூலண்ட் கூலருக்குப் பின்னால், சம்ப்புக்குத் திரும்பும் லைனில், தொடராக வைக்க வேண்டும். ஹோஸ் அளவு குறையாத கனரக வண்டிக் கூலர், தெர்மோஸ்டாட் பைபாஸோடு (ஆயில் சூடேறும்வரை அதைக் கூலருக்குள் விடாத வால்வு). பைபாஸ் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஆயில் 160-ஐ எட்டவே அடம்பிடிக்கும்.