இன் த்ரூ தி அவுட் டோர்: இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கிற ஒரே ஒரு இடம்

ஊசிமுனை

இங்கிலாந்து ராக் குழு லெட் செப்பெலினோட 1979 ஆல்பம் 'இன் த்ரூ தி அவுட் டோர்'ல உங்களை இன்னும் உறுத்துற ஒரே ஒரு இடம் எது, இதுதான் கேள்வி. நேரா விஷயத்துக்கு வர்றேன். 'ஆல் மை லவ்' நடுவுல சோலோ வருமே, அந்த இடம். கிடார் வரப்போகுதுன்னு காது தயாரா நிக்குது. வர்றது ஜான் பால் ஜோன்ஸோட கீபோர்டு. ஏதோ பழைய ஐரோப்பிய அரண்மனையில வாசிச்ச மாதிரி படிப்படியா ஏறி இறங்கி முடிஞ்சிடுது. 1969ல தொடங்கி ஏழு ஸ்டூடியோ ஆல்பம், அந்த மாதிரி இடம்னாலே கிடார் வாசிக்கிற ஜிம்மி பேஜுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுதான். அதுலயும் 1976ல வந்த 'பிரசென்ஸ்'ல கீபோர்டே கிடையாது. அதுக்கு அடுத்த ஆல்பம் இது!

எழுதினவங்க பேரைப் பாருங்க. ஏழு பாட்டுல ஆறுல ஜோன்ஸ் பேர் இருக்கு, 'ஹாட் டாக்' மட்டும் விலக்கு. 'ஆல் மை லவ்', 'சவுத் பவுண்ட் சாரெஸ்' ரெண்டுலயும் பேஜ் பேரே இல்லை. பாடகர் ராபர்ட் பிளான்ட்டோட மகன் கராக் 1977 ஜூலையில ஐந்து வயசுல இறந்துட்டான். அவனுக்கான பாட்டுதான் 'ஆல் மை லவ்'. அங்கே கிடார் ஒதுங்கி நிக்கறதுதான் முறைன்னு ஒரு மனசு சொல்லுது. பேஜே பின்னாடி பேட்டியில இந்தப் பாட்டு தனக்கு அவ்வளவா பிடிக்கலைன்னு சொன்னதை நெனச்சா, ஒதுங்கினாரா ஒதுக்கினாங்களான்னு இன்னொரு மனசு குடையுது.

இரும்புக்காது

ஒதுங்கவும் இல்ல, ஒதுக்கவும் இல்ல தல. நேரத்துக்கு வரல, அவ்ளோதான். 1978 நவம்பர், டிசம்பர். ஸ்டாக்ஹோம் போலார் ஸ்டூடியோ, அந்த வருஷம்தான் திறந்தது. பேஜ் ஹெராயின்ல, டிரம்மர் ஜான் பான்ஹாம் குடியில. சீக்கிரம் வந்து உட்கார்ந்தது ஜோன்ஸும் பிளான்ட்டும்; மத்த ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள பாட்டு உருவாகிடும். வாரக் கடைசியில டேப்பைத் தூக்கிக்கிட்டு இங்கிலாந்து, பேஜ் தன் வீட்டு ஸ்டூடியோவுல மேல்பூச்சு, அதாவது தன் பங்கை மேல சேர்த்துப் பதிவு பண்றது.

எனக்கு உறுத்தல் இசைத்தட்டு முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டு. 'ஹாட் டாக்', 3 நிமிஷம் 17 விநாடி கன்ட்ரி கேலி. அதே ஸ்டூடியோவுல அதே நவம்பர்ல பதிவான வேகப் பாட்டு 'வேரிங் அண்ட் டேரிங்'கை வெளியே விட்டுட்டு இதை உள்ளே வெச்சாங்க பாருங்க! 1979ல இங்கிலாந்து நெப்வொர்த் கச்சேரிக்கு வர்ற ரசிகர்களுக்குத் தனி சிங்கிளா கொடுக்கலாம்னு இருந்தாங்க, அதுவும் நேரத்துக்கு நடக்கல. 1982ல 'கோடா' ஆல்பத்துலதான் வெளிச்சம் பார்த்துச்சு. புதுசா வந்த முரட்டு வேக பங்க் ராக் காரங்க இவங்களைக் கிழவனுங்கன்னு கிண்டல் பண்ணின வருஷத்துல கையில இருந்த பதிலையே பெட்டியில பூட்டிட்டாங்க.

திஸ்ரநடை

'ஃபூல் இன் தி ரெய்ன்', பான்ஹாமோட ஹை-ஹாட், அதான் காலால திறந்து மூடுற ஜோடி சிம்பல், ஒரு இடத்துல திறந்து சட்டுனு மூடும், 'ட்ஸ்ப்'னு. அந்தச் சத்தம் மட்டும்தான் என்னை விடாதது. மத்ததெல்லாம் கணக்கு, கத்துக்கலாம்.

கணக்கு இதுதான். நாலு தட்டு, ஒவ்வொண்ணும் 'தகிட'. ஹை-ஹாட் 'த'வுலயும் 'ட'வுலயும். நடுவுல இருக்கிற 'கி'யில ஸ்நேர் டிரம்மை இடது கை சும்மா தொடணும். அடிக்கக் கூடாது, குச்சி தானா விழுந்த மாதிரி இருக்கணும். பலமான அடி மூணாவது தட்டோட 'த'வுல மட்டும். அதனால நடை பாதி வேகத்துல போற மாதிரி கேட்கும், உள்ளுக்குள்ள மூணு மூணா ஓடிக்கிட்டே இருக்கும். டிரம்மர் பெர்னார்ட் பர்டி பேரால இந்த நடையை 'பர்டி ஷஃபிள்'னு சொல்வாங்க. பான்ஹாம் அதுல தன் சரக்கைச் சேர்த்திருக்கார்.

தப்பு எங்கே நடக்கும்னா, 'கி' சத்தமா விழுந்துடும். அப்படி விழுந்தா ஷஃபிள் போயி ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆயிடும். பலமான அடிக்கும் மெல்லிய தொடலுக்கும் குச்சி ஒரே உயரத்துல இருந்து கிளம்புறதுதான் காரணம். தொடலுக்கு ஓர் அங்குலம் போதும்; பலமான அடி முடிஞ்சதும் குச்சி மேல எகிறாம தோல்கிட்டயே நிக்கணும். முதல்ல ஹை-ஹாட்டை விட்டுட்டு வலது காலையும் இடது கையையும் மட்டும் மெதுவா பழகுங்க. ஹை-ஹாட் திறப்பைக் கடைசியா சேருங்க. கால் முந்திக்கும், அதுதான் இந்தப் பாட்டோட எமன்.

நடுவுல விசில் அடிச்சு பிரேசில் சம்பா தாளம் வருதே, 1978 அர்ஜென்டினா உலகக் கோப்பைச் சத்தத்துல இருந்து முளைச்ச யோசனை அது. அதுல இருந்து திரும்பி ஷஃபிளுக்கு வர்ற அந்த ஒரு நொடி, கச்சேரியில செஞ்சு காட்டியே இருக்கலாம். இந்தப் பாட்டை அவங்க மேடையில வாசிச்சதே கிடையாது.

கருப்புப்பெட்டி

@இரும்புக்காது, 'வேரிங் அண்ட் டேரிங்' வேணும்னு இருபது வருஷமா எல்லாரும் சொல்றீங்க, ஒருத்தராவது இசைத்தட்டுல இடம் இருக்கான்னு கணக்குப் போட்டீங்களா? முதல் பக்கம் இப்பவே இருபது நிமிஷம் சொச்சம். 'ஹாட் டாக்'கை எடுத்துட்டு அஞ்சரை நிமிஷப் பாட்டை வெச்சா இருபத்திரண்டரையைத் தாண்டும். நேரம் கூடினா வரித்தடத்தை நெருக்கி வெட்டணும், நெருக்கினா ஒலி அளவைக் குறைக்கணும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அது பக்கத்தோட கடைசியில உட்காரும். தட்டு 33⅓ வேகத்துல சுத்தும்போது வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில ஒரு விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஓடுது. லேபிள் பக்கத்துல வந்தா 21 சென்டிமீட்டர்தான். அதே 'ட்ஸ்' சத்தத்தைப் பாதி நீளத்துக்குள்ள நெரிச்சு எழுதணும். அதனாலதான் சிம்பல் அடிச்சுக் கத்துற வேகப் பாட்டு உள் ஓரத்துல கரகரன்னு கேட்கும். 'ஹாட் டாக்' மாதிரி லேசான பாட்டு அங்கே தப்பிச்சுடும். ரெண்டாவது பக்கம் 'ஐம் கோனா கிரால்'ல மெதுவா முடியறதும் காதுக்கு அதே சுகம்.

மாத்தியே ஆகணும்னா அதே சமயம் பதிவாகி வெளியே நின்ன 'ஓசோன் பேபி'யை வைங்க. பதினெட்டு விநாடிதான் கூடும். ஆனா அதை வெச்சா ஆல்பம் நல்லா இருக்குமான்னு கேட்டா, இருக்காது. 'ஹாட் டாக்' இருந்துட்டுப் போகட்டும்.

வில்லும்கம்பியும்

'இன் தி ஈவ்னிங்' தொடக்கம். ஏறக்குறைய ஒரு நிமிஷம் அந்த இரைச்சல், தம்புராவுக்குப் பேய் பிடிச்ச மாதிரி. அப்புறம் ரிஃப், அதான் திரும்பத் திரும்ப வர்ற கிடார் வரி, விழுது. அந்த விழுற கணம்.

இரைச்சலுக்குப் பின்னாடி இருக்கிறது கிஸ்மோட்ரான். 10சிசி குழுவோட கெவின் காட்லியும் லால் கிரீமும் கண்டுபிடிச்ச பெட்டி. கிடார்ல கம்பியைத் தாங்குற பிரிட்ஜ் மேல மாட்டணும். உள்ளே மோட்டார், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன பல்சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு விசை. விசையை அழுத்தினா சுத்துற சக்கரம் கம்பியில உரசும், வில் போட்ட மாதிரி நாதம் நிக்காம ஓடும். காகிதத்துல அருமையான யோசனை. வியாபாரத்துக்கு வந்ததும் கவிழ்ந்துடுச்சு. சக்கரம் பிளாஸ்டிக், வெப்பம், ஈரப்பதம் மாறினா உரசல் மாறும், பல் தேயும். கம்பிக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி மயிரிழை கூடினா சத்தமே வராது, குறைஞ்சா தறி ஓடுற மாதிரி கடகடன்னு வரும். நெப்வொர்த்துல இதே பாட்டுக்கு முன்னாடி பேஜ் வயலின் வில்லைக் கையில எடுத்தார். வில்லுக்கு மோட்டார் கிடையாது பாருங்க, அது கெட்டுப்போகாது.

மூணாவதுவரிசை

@ஊசிமுனை சார், கீபோர்டைக் குத்தவாளி ஆக்குறதுக்கு முன்னாடி அது என்னன்னு பாருங்க. யமஹா ஜிஎக்ஸ்-1. 61 கட்டை வரிசை ரெண்டு, அதுக்கு மேல 37 சின்னக் கட்டையோட சோலோ வரிசை, காலுக்கு 25 மிதிகட்டை. எடை சுமார் 300 கிலோ. மேல் வரிசையில ஒரே நேரத்துல எட்டு ஸ்வரம், கீழ் வரிசையில எட்டு, சோலோவிலும் மிதிகட்டையிலும் ஒவ்வொண்ணு. இதை மேடைக்கு ஏத்தணும்னா வீட்டு அலமாரியை மாடிக்கு ஏத்துற கதை.

ரெண்டாவது பக்கத்து 'கரௌசலாம்ப்ரா' பத்து நிமிஷம் ஓடுறது இந்தப் பெட்டியாலதான். பலர் அதைக் கேட்டு 'டிஸ்கோ'ங்கறாங்க. கீழே பான்ஹாம் என்ன பண்றார்னு கேளுங்க, எந்த டிஸ்கோவுல அப்படி அடிப்பாங்க? எனக்கு உறுத்தல் நடுப்பகுதி. வேகம் அப்படியே தணிஞ்சு பேஜ் உள்ளே வர்ற இடம். ரெட்டைக் கழுத்து கிப்ஸன் கிடாரை ஸ்டூடியோவுல வாசிச்ச அபூர்வ இடம் அது. எல்லாரும் அந்தக் கிடாரை மேடைப் படத்துல பார்த்து மயங்கியிருக்கோம், அதோட சத்தத்தை ஸ்டூடியோப் பதிவுல கேட்கிற அபூர்வ இடத்தை 'நீளம், போர்'னு தாண்டிடறோம்.

ஒண்ணு ஒத்துக்கறேன். பிளான்ட்டோட குரல் அந்தப் பாட்டுல கலவைக்குள்ள புதைஞ்சு கிடக்கு. ஈக்வலைசர்ல 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ரெண்டு மூணு டெசிபெல் ஏத்தி, 200 ஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு இறக்கினா வரி ஓரளவு தெளியும். அதுக்கு மேல ஏத்தாதீங்க, கீபோர்டு காதைக் குத்தும்.

பழுப்புப்பை

பாட்டைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. எனக்கு உறுத்தல் தட்டைப் போட்டு வைக்கிற உள்ளுறை. கருப்பு வெள்ளைக் கோட்டோவியம், மதுக்கடை மேசைமேல இருக்கிற சாமான்கள். ஈரத் தூரிகை பட்டதும் வண்ணம் கிளம்பும். அந்தக் கணம், அவ்வளவுதான். காஞ்சதும் பழையபடி ஆகாது. ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். 1979 ஆகஸ்ட் 15 அன்னிக்கு வெளியானப்போ வாங்கின எத்தனையோ பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அட்டையில எங்கேயும் சொல்லல.

வெளி அட்டை ஆறு வகை, எல்லாம் ஹிப்னோசிஸ்ங்கற வடிவமைப்புக் குழுவோட வேலை. மதுக்கடையில ஒருத்தன் காதலி எழுதின பிரிவுக் கடிதத்தைக் கொளுத்துறான். அதே காட்சியை அங்கே இருக்கிற ஆறு பேர் கண்ணுல இருந்து எடுத்த படம். பழுப்பு நிறப் படத்துல ஒரு தூரிகை வீச்சு மட்டும் துடைச்ச கண்ணாடி மாதிரி வண்ணமா இருக்கும், உள்ளுறை விஷயத்துக்கு அதுதான் ஜாடை. எது வருதுன்னு வாங்குறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு மேல பழுப்புக் காகிதப் பை. கடையில அட்டையே தெரியாம வித்தும் அமெரிக்காவுல ஏழு வாரம் முதலிடம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: முதுகில சின்னதா ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து இருக்கும், அதுதான் அட்டை வகை. அடுத்து உள்ளுறை நனைஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. நனையாததுக்குத்தான் விலை.

மழைக்காலம்

'இன் தி ஈவ்னிங்' சோலோ தொடங்கும்போது கதவைக் கிறீச்சுன்னு திறந்து அறைஞ்ச மாதிரி ஒரு சத்தம். அதுதான் எனக்கு. ஆல்பம் பேரே கதவைப் பத்தினது!

பழுப்புப்பை அண்ணே சொன்ன உள்ளுறை விஷயத்துல ஓர் எச்சரிக்கை, யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்லிடறேன். தட்டைக் கழுவிட்டு அரைகுறை ஈரத்தோட அந்த உறையில திருப்பிப் போட்டுடாதீங்க. வண்ணம் திட்டுத் திட்டா கிளம்பிடும், அம்மைத் தழும்பு மாதிரி. துடைக்கவும் முடியாது.

கழுவ: காய்ச்சி வடித்த நீர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு. குழாய்த் தண்ணி வேண்டாம், உப்பு தடத்துல படிஞ்சு பொட்டு பொட்டுன்னு வெடிக்கும். மென்மையான தூரிகையால தடத்தோட போக்குலயே வட்டமா போங்க, குறுக்கே போகாதீங்க. லேபிளை நனைக்காதீங்க. அப்புறம் வெறும் காய்ச்சி வடித்த நீர்ல ஒரு தடவை அலசுங்க. நிமிர்த்தி வெச்சுக் காய விடுங்க. அரை மணி நேரம், ஈரக்காத்து அடிக்கிற நாள்னா ஒரு மணி நேரம். காஞ்சதும் புதுசா ஒரு பாலித்தீன் உள்ளுறையில போடுங்க. கோட்டோவிய உறை தனியா, தட்டு தனியா. பழுப்புப் பையையும் அட்டைமேல மாட்டி வைக்காதீங்க. அந்தக் காகிதத்துல அமிலம் இருக்கு, அதுவும் ஒடியும், அட்டையையும் மஞ்சளாக்கும். பிவிசி வெளியுறை அறவே கூடாது, நாள்பட்டா தட்டுமேல பனி மாதிரி படலம் பிடிக்கும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்க, சாய்ஞ்சா வளையும். அலமாரிக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க.

ஊசிமுனை

தட்டு கழுவறது சரி. நான் கேட்டது சோலோவைப் பத்தி. மூணாவதுவரிசை, கருவி பெருசுங்கறது நியாயமாகாது. 300 கிலோ இருந்தா அது பேஜோட இடத்துல உட்காரலாமா?

மூணாவதுவரிசை

உட்காரலாம். அவர் நாற்காலி காலியா இருந்துச்சே, இரும்புக்காது மேல சொல்லியிருக்காரே. பேஜ் அந்தப் பாட்டுல இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. குரலுக்குப் பின்னாடி கம்பியை வளைச்சு வளைச்சு ஒரு கிடார் அழுதுக்கிட்டு இருக்கு, கடைசியில சுருதி ஏறின பிறகு கேளுங்க. 1980 ஐரோப்பியப் பயணத்துல இந்தப் பாட்டை மேடையேத்தினாங்க, அப்பவும் கூடவே வாசிச்சார்.

இரும்புக்காது

அந்தப் பயணத்துல 'ஹாட் டாக்'கும் வாசிச்சாங்க. அதைச் சொல்லாதீங்க.

கருப்புப்பெட்டி

பழுப்புப்பை, உள்ளுறை நனைஞ்சதுதான்னு விற்கிறவர் மறைச்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது? படத்துல தெரியுமா?

பழுப்புப்பை

படத்துல ஏமாத்தலாம், கருப்பு வெள்ளையா மாத்தி அனுப்பிடுவாங்க. உள்ளுறையோட ரெண்டு பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்துல, கூட ஏதாவது ஒரு சிவப்புப் பொருளை வெச்சு எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சிவப்பு சிவப்பாத் தெரிஞ்சா படம் நிஜம். நனைஞ்ச காகிதம் காஞ்ச பிறகு லேசா அலை அலையா நிக்கும், பக்கவாட்டு வெளிச்சத்துல அது தப்பாது. கையில வாங்கின பிறகு சோதிக்கணும்னு ஈர விரலை மட்டும் வெச்சுடாதீங்க.