பொருள்: 'தெளிப்பான் தலை' – வேறு சொல் உண்டா? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

தக்கலையிலிருந்து, வெள்ளி காலை

குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை குழாய் வேலை படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது. வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பை எப்படிப் பராமரிப்பது என்பது பாடம். இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து, வால்வைத் திறந்ததும் அழுத்தத்தில் மேலே வந்து, தெளித்து முடித்ததும் சுருள்வில் இழுக்க உள்ளே போய்விடுமே, அந்த உறுப்புக்கு என்ன பெயர்? வேலைக்காரர்கள் 'ஹெட்டு' என்கிறார்கள். நான் 'தெளிப்பான் தலை' என்று போட்டேன். 'தலை அடைத்துக்கொண்டால் தலையைக் கழற்றிக் கழுவவும்' என்ற வரியைப் படித்துவிட்டு வீட்டில் சிரிப்பு நிற்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து, வெள்ளி மதியம்

தம்பி, தலை இருக்கட்டும், 'தெளிப்பான்' என்பதே உறுத்துகிறது. ஆன் ஆண்பால் விகுதி. கருவிக்கு இகரம் போதும்: மண்வெட்டி, வடிகட்டி. அந்த வரிசையில் 'தெளிப்பி'. வேர் 'தெள்'. தெளிதலும் தெளித்தலும் அதில் கிளைத்தவை. தெளிந்த நீரைத்தான் தெளிக்க முடியும், கலங்கல் அடைக்கும் என்று மொழியே சொல்லி வைத்திருக்கிறது பாருங்கள். முறத்தில் தெள்ளுவதும் அதே வேர்தான். ஆகவே உள்ளே இருக்கும் சல்லடைக்கும் 'தெள்ளி' என்று பெயரிடலாம்.

தோவாளையிலிருந்து, வெள்ளி இரவு

தெள்ளுப்பூச்சியும் அதே வேரா ஐயா? தேரூர் குளத்துக்கு வரும் உள்ளான் பறவையில் பெட்டையையும் உள்ளான் என்றுதான் சொல்கிறோம், விகுதி ஒன்றும் குறுக்கே வரவில்லை. என் சிக்கல் வேறு. எங்கள் பக்கம் தெளிப்பான் என்றால் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற கருவி. தெளிப்பி என்றாலும் அதைத்தான் எடுத்துவருவான். பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற பூவாளி இருக்கிறதே, அதன் நுனி மாதிரிதானே இதுவும்? 'பூவாய்' என்று வைத்தால் என்ன? இன்னொன்று, கையேட்டில் காற்றைப் பற்றியும் எழுதுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் பகலில் திறந்துவிட்டால் அடுத்த வீட்டுப் புல்தான் பச்சை பிடிக்கும். விடியற்காலைதான் நல்லது.

நாகர்கோவிலிலிருந்து, வெள்ளி இரவு

வாளிக்கு அம்பு என்றும் பொருள். பூவாளி என்றால் மலரம்பு. மன்மதனைப் புல்தரையில் புதைக்க வேண்டாம்.

குலசேகரத்திலிருந்து, சனி காலை

பாண்டிநாட்டு ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஒரு மதகு உண்டு. ஏரிக்குள் இரண்டு கல்தூண், நடுவே துளையிட்ட கல், மேலே மூடி. மூடியைத் தூக்கினால் மேல் துளை வழியாகத் தண்ணீர் போகும், அது நீரோடி. தரைமட்டத்துத் துளைகள் வண்டலை இழுத்துக்கொண்டு போகும், அவை சேறோடி. தூர் சேராமல் பார்த்துக்கொள்ளும் வேலையை மதகுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதனால் 'தெளிகுமிழ்' என்பது என் முன்மொழிவு. சல்லடைக்குச் 'சேறோடி' என்று பெயர் வைக்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து, சனி மாலை

அண்ணாச்சி, சல்லடை சேற்றைப் பிடித்து வைக்கும். ஓடவிடாது. சேறோடி என்றால் குழாய்க் கடைசியில் திறந்துவிடுகிற மூடிதான், நாங்கள் 'எண்டு கேப்' என்கிறோமே, அது. புதிதாகக் குழாய் போட்டாலும் உடைசலை ஒட்டினாலும் முதலில் அதைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் பசைத் துணுக்கும் மணலும் நேரே நாசிலுக்குத்தான் போகும்.

அடைப்பைப் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இங்கே போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால், வாளியில் பிடிக்கும்போது கண்ணாடி போலிருக்கும், காற்றுப் பட்டதும் மஞ்சளித்துத் துருவாகப் படியும். தொட்டியில் தேக்கிப் படியவைத்து, வடிகட்டித்தான் விட வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்தால் எறும்பு கூடுகட்டும். மேலே வந்தது உள்ளே போகாமல் நின்றால் விளிம்பு வளையத்தில் மணல் சிக்கியிருக்கிறது, கழுவினால் சரியாகும். நாசிலை ஊசியால் குத்தவே கூடாது. துளை பெரிதாகி, தண்ணீர் சிதறும் வடிவமே கெட்டுப்போகும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவையுங்கள்.

பெயருக்கு என் பையன்களைக் கேட்டேன். ஒருவன் யோசிக்காமல், "அது எழும்பி வருகுதுல்லா, எழும்பி ஆக்கும்" என்றான்.

நாகர்கோவிலிலிருந்து, சனி இரவு

இகர விகுதி, மகிழ்ச்சி. ஆனால் எழும்பாமல் கம்பத்தில் நிலையாக நிற்பதை என்னென்று சொல்வீர்கள், எழும்பா எழும்பியா? நம் மாவட்டத்தில் ழகரம் தேயவில்லை. திருநெல்வேலியைத் தாண்டினால் அது 'எளும்பி' ஆகிவிடும். மேலும் 'வினிகர்' எதற்கு? 'காடி' இருக்கிறது.

குளச்சலிலிருந்து, ஞாயிறு காலை

காடி என்று எழுதினால் மாட்டுக்கு வைக்கிற கழுநீரில் ஊறப்போட்டுவிடுவார்கள். சல்லடைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். வலைக்குச் சொல்வதுபோல 'கண்' என்றே சொல்லுங்கள். 120 மெஷ் என்றால் அங்குலத்துக்கு 120 கண். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தக்கலையிலிருந்து, திங்கள் இரவு

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அச்சுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. எழும்பிக்கு மூன்று பேர், மற்றவற்றுக்கு ஆளுக்கொருவர், எனக்கும் களைத்துவிட்டது. 'எழும்பி என்கிற ஹெட்டு' என்று முதல் இடத்தில் போட்டு, பிறகு எழும்பி என்றே எழுதினேன். நிலையாக நிற்பதற்குத் 'தெளிவாய்' என்று போட்டதைப் பிள்ளைகள் 'தெளிவாய் என்ன?' என்று கேட்டார்கள், அதை எடுத்துவிடப்போகிறேன். சேறோடி மட்டும் உடனே ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள், "சார், சேறோடியைத் திறக்கட்டா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். எழும்பியை வகுப்பில் நான் மட்டும்தான் சொன்னேன்.

நாகர்கோவிலிலிருந்து, திங்கள் இரவு

என் வாக்கு தெளிப்பிக்குத்தான், அதைப் பதிவில் வைக்கவும். காடியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.