ஃப்யூம்: புகையா, ஆவியா, தூமமா?

நண்பர்களே, வணக்கம்.

ஃப்யூம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டு மடல் போட்டு இன்றோடு 9 நாள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வந்த மடல்களையெல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். எனக்குப் பட்டதை எழுதுகிறேன். மறுக்க நினைப்பவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதிவிடுங்கள்.

இந்த இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: வெல்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கான பாதுகாப்புக் கையேடு இது. மூச்சோடு உள்ளே போகும் கேடுகள் என்று அதில் 6 வருகின்றன. தூசி, புகை, நுண்திவலை, ஆவி, வாயு என்று ஐந்தை எழுதிவிட்டேன். ஆறாவதில் நிற்கிறேன். ஃப்யூம்.

> புகை என்றே எழுதலாமே, எதற்கு இவ்வளவு பாடு?

இப்படிக் கேட்ட நண்பருக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஃப்யூம் என்றால் மூக்கில் ஏறும் எதுவும்தான். பெட்ரோல் பங்கில் வரும் நெடியையும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அது ஆவி. ஆனால் வெல்டிங் பாதுகாப்பில் அந்தச் சொல்லுக்குக் குறிப்பான பொருள் உண்டு. வெல்டிங் சூட்டில் உலோகம் கொதித்து ஆவியாகிறது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மேலே எழும் ஆவி காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து குளிர்ந்து, மிக நுண்ணிய திடத்துகளாக உறைகிறது. பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள். கண்ணுக்குப் புகைபோலத் தெரிவது உண்மையில் உலோகத்தூள்.

இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? தவறான முகமூடியைப் போடுவார்கள். ஆவியைப் பிடிக்கக் கரிப்பெட்டி வைத்த முகமூடி வேண்டும். கரி மட்டும் துகளைத் தடுக்காது. துகளுக்கு என்-95 போன்ற வடிகட்டி வேண்டும், அது ஆவியைத் தடுக்காது. வெறும் "புகை" என்று எழுதினால் பையன் கழுத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ராடைப் பிடிப்பான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை நாள் முழுக்கப் பற்றவைத்துவிட்டு, ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துத்தநாகக் காய்ச்சலுக்குப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்லி அனுப்புவார்கள். காய்ச்சல் ஓரிரு நாளில் தானாகவே இறங்கிவிடும், பேர் பாலுக்குப் போய்விடும். ஆனால் வெல்டிங் ஃப்யூமைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் சேர்த்திருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு கெஞ்சுகிறேன்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

புலவர் ஐயா சொன்ன "தூமம்" என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஃப்யூம் லத்தீன் ஃபூமுஸிலிருந்து வந்தது. அதற்கும் வடமொழித் தூமத்துக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் அதே வேர் தூமோஸ் என்று நின்று, நெஞ்சின் வேகத்தையும் சினத்தையும் குறிக்கிறது. நறுமணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெர்ஃப்யூமும் அகிற்புகை போன்ற புகையில் பிறந்த சொல்தான். எங்கள் பட்டறைகளில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் புகையைத் "துவாங்" என்கிறார்களே, அதுவும் தூமத்தின் பேரன். இவ்வளவு சொந்தபந்தத்தோடு ஒரு சொல் கிடைத்தால் யாருக்குத்தான் விட மனசு வரும்?

> வடசொல்லை எடுத்துத் தமிழ்க் கலைச்சொல் என்று பெயர் வைப்பானேன்?

மதுரை அம்மாவின் இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐயா கொடுத்த சான்றைத் தள்ள முடியவில்லை. புறநானூறு 117-இல் கபிலர், "மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும்" என்கிறார். பாரி இறந்தபின் பறம்பை நினைத்துப் பாடியது. ஒரே அடியில் புகையும் இருக்கிறது, தூமமும் இருக்கிறது. அங்கே தூமம் வால்மீன். வடவெழுத்து நீங்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய வடசொல்லைத் தொல்காப்பியமே ஏற்கிறது. ஆகவே தூய்மையின் பேரால் நான் இதை மறுக்கவில்லை. என் மாணவன் இந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்பதுதான் என் தடை. தூமம் என்று எழுதினால் பக்கத்திலேயே விளக்கமும் எழுத வேண்டும். விளக்கத்தைப் படிப்பவன் சொல்லைப் படிக்காமலே பிழைத்துக்கொள்வான்.

அம்மா முன்வைத்த "புகைமம்" எனக்கு ஒப்பவில்லை. திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் "மம்" என்று முடிவது பொருளின் நிலையைச் சொல்கிறது. புகைமம் என்றால் அதுவும் நான்காவது ஒரு நிலை என்று மாணவன் நினைப்பான். ஃப்யூம் தனி நிலை இல்லை, காற்றில் மிதக்கும் திண்மம். ஒருவர் புதிதாகக் கட்டிய சொல் நிற்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். காஸ் என்ற சொல்லையே வான் ஹெல்மான்ட் என்ற ஒற்றை வேதியியலாளர்தான் கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லை மனதில் வைத்து ஆக்கினார். அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் அது இருக்கிறது. அதோடு "பிளாஸ்" என்று இன்னொரு சொல்லும் ஆக்கினார். அதை இன்று யாரும் சொல்வதில்லை. எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை அம்மாவுக்காக ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் "புகைச்சல்". இதை எழுதிய தம்பிக்கு நன்றி. தொண்டையில் வரும் புகைச்சல் இருமல் வெல்டர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அண்ணன் தம்பிக்குள் இருப்பதும் புகைச்சல்தான். அறிவிப்புப் பலகையில் "இங்கே புகைச்சல் உண்டு" என்று எழுத முடியாது.

நான் முதல் நாள் முன்வைத்தது "ஆவிப்புகை". முதலில் ஆவி, பிறகு புகை. நடப்பது எந்த வரிசையோ அதே வரிசையில் சொல்லும் இருக்கிறது. புலவர் ஐயா அதை மூன்று விதமாகப் பிரித்துக் காட்டினார். ஆவியால் ஆகிய புகை என்றால் பொற்குடம்போல வேற்றுமைத்தொகை. ஆவியாகிய புகை என்றால் சாரைப்பாம்புபோல இருபெயரொட்டு. ஆவியும் புகையும் என்றால் உம்மைத்தொகை. மூன்றாவதை ஏற்க மாட்டேன். உம்மைத்தொகையில் ஒற்று மிகாது, இங்கே "ப்" மிகுந்து நிற்கிறது. ஆனால் இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆவியே புகை என்று ஒருவன் படித்தால் இலக்கணம் அவனைத் தடுக்காது.

இலக்கணத்தைவிட வகுப்பறை கொடுத்த அடி பெரிது. திங்கட்கிழமை கரும்பலகையில் இந்தச் சொல்லை எழுதி, என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "சளி பிடிச்சா வீட்ல ஆவி பிடிப்போமே, அந்த மாதிரியா சார்?" என்றான் ஒருவன். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நல்லது செய்கிற ஒன்றாக அது அவர்கள் காதில் விழுகிறது. அதன் பிறகு எந்த இலக்கணத்தைக் காட்டி நான் அதைக் காப்பாற்றுவது? அவர்களிடமே "உலோகப்புகை" என்று எழுதிக் காட்டினேன். "இரும்பு பொடியாகி வர்ற புகை" என்று கடைசி வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது. நான் விளக்கவே இல்லை.

பத்திரிகைக்காரர்களை இந்த இழையில் பலர் திட்டியிருக்கிறீர்கள். ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டியர் காஸ் என்பதை அவர்கள் "கண்ணீர்ப்புகை" என்று எழுதுகிறார்கள். அதில் பரவலாகப் பயன்படும் சி.எஸ். என்ற வேதிப்பொருள் அறை வெப்பத்தில் திண்மம், துகளாகத்தான் பரவுகிறது. காஸ் என்ற ஆங்கிலத்தைவிட நம் புகை உண்மைக்கு நெருக்கமானது. யாரோ ஒரு செய்தியாளர், பெயர்கூடத் தெரியாது, சரியாகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஆக, கையேட்டில் உலோகப்புகை என்றே போகிறது. சிங்கப்பூர் நண்பர், கோவை ஆசிரியர்கள் இருவர், இன்னும் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். களைத்துப்போய் ஒப்புக்கொண்டவர்களும் உண்டு என்பது தெரியும். தூமத்துக்குத்தான் தன் வாக்கு என்று புலவர் ஐயா நேற்றும் எழுதியிருக்கிறார். அதை அப்படியே பதிந்து வைக்கிறேன். அம்மா இன்னும் பதில் எழுதவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம், ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் பாடம் எழுத வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. எழுவதெல்லாம் ஈயத்தோடு சேர்க்கும் ரோசின் பிசின் சூடேறி வருவது. அங்கே உலோகப்புகை செல்லாது. அப்போது இதே இழையில் மறுபடி கேட்பேன்.

அன்புடன்.