பிரெஞ்சு ஃபைபர் ஆவணத்தில் பம்ப் கேட்லாக் சொற்கள் வந்து விழுகின்றன: உதவி தேவை

கேள்வி (பீளமேடு, கோவை)
பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு ஃபைபர் நெட்வொர்க் ஆவணம் ஓடிட்டிருக்குங்க. டிரான்ஸ்லேஷன் மெமரி (முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களின் சேமிப்பு) முழுக்க பம்ப், மோட்டார் கேட்லாக்கில் சேர்ந்தது. 'தெபி' என்றால் ஃப்ளோ ரேட், 'சூதூர்' என்றால் வெல்டிங் என்று தானாக நிரப்புது. பிடிஓ-வை டிராக்டரின் பவர் டேக் ஆஃப் ஆக்கிடுச்சு. ஒவ்வொன்றாகத் திருத்தறதுங்களா?

பதில் (ஈரோடு)
வேண்டாங்க. தொலைத்தொடர்புக்கு காலியான புது மெமரி ஒன்று திறங்க. பழையதை ரீட்-ஒன்லியாக மட்டும் இணைத்து, பெனால்டி (பொருத்த சதவீதத்தில் கழிக்கும் அளவு) 30 வைங்க. 100 சதவீதப் பொருத்தமும் 70-க்கு இறங்கிடும், தானாக நிரப்பும் வரம்பை அதற்கு மேலே வைத்தால் நிரம்பாது. பிறகு டெர்ம்பேஸில் (துறைச் சொற்பட்டியல்) முதலில் ஏற்ற வேண்டியவை: 'தெபி' பிட் ரேட், 'சூதூர்' ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் (இரு இழைகளை உருக்கி இணைப்பது), 'அஃபெப்லிஸ்மான்' அட்டெனுவேஷன் (சிக்னல் இழப்பு), 'ஜார்த்தியேர்' பேட்ச் கார்டு, 'ரெசெத்' அக்செப்டன்ஸ் டெஸ்ட். பிடிஓ இங்கே வீட்டுச் சுவரில் ஃபைபர் முடியும் அவுட்லெட்.

'தெபி மோந்தான்' மேல் தனிக் கண் வைங்க. கணக்கு ஆவணம் பார்த்த கை அதைப் பற்றுத்தொகை என்றே படிக்கும். இங்கே அது அப்லோடு வேகம். 'தெபி தெசாந்தான்' டவுன்லோடு.

பதில் (திருப்பூர்)
எண்களையும் பாருங்க. 0,35 என்பது ஆங்கிலத்தில் 0.35, புள்ளி விட்டுப்போனால் கிலோமீட்டருக்கு 35 டெசிபெல் இழப்பு என்றாகிவிடும். அலகில் பெரிய 'எம்'முக்குப் பக்கத்தில் சின்ன 'ஓ' வந்தால் அது மெகாபைட், மெகாபிட் அல்ல. அங்கே தவறினால் வேகம் 8 மடங்கு மாறும்.

ஃபைபர் நிற வரிசையை மட்டும் தொடவே கூடாதுங்க. பிரெஞ்சு வழக்கத்தில் 1 சிவப்பு, 2 நீலம், 3 பச்சை, 4 மஞ்சள். அமெரிக்கத் தர வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று தொடங்கும். ஆங்கிலத்துக்குப் போகிறதே என்று வரிசையை மாற்றினால், ஸ்ப்ளைஸ் போடுகிறவர் தவறான இழையை இணைப்பார். நிறப்பெயரை மட்டும் மொழிபெயர்த்து, வரிசை பிரெஞ்சு முறை என்று அட்டவணைக்கு மேலே ஒரு வரி எழுதுங்க.

கேள்வி கேட்டவர்
மெமரி பிரிச்சாச்சுங்க, நன்றி. 'புவான் து மூத்துவலிசாசியோன்', சுருக்கமாக பிஎம், இதற்கு என்ன போடறதுங்க? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு தளத்தில் கிடைக்கலை.

பதில் (ஈரோடு)
அது பிரான்சின் ஒழுங்குமுறைச் சொல். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஃபைபரை அந்த இடம் வரை கொண்டுவரும். அங்கிருந்து வீடு வரை உள்ள வலையமைப்பை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும். வெறும் ஸ்ட்ரீட் கேபினெட் என்று போட்டால் அந்தப் பகிர்வு காணாமல் போகும், கட்டிடத்துக்குள் இருக்கும் பிஎம்முக்கும் அது பொருந்தாது. பிரெஞ்சு ஒழுங்குமுறை ஆணையமான ஆர்செப்பின் ஆங்கில வெளியீடுகளில் உள்ள சொல்லை எடுங்க. முதல் இடத்தில் விளக்கம், பிறகு கடைசி வரை பிஎம் என்றே விடுங்க. வரைபடத்திலும் அதேதான் அச்சாகியிருக்கும். மற்ற சொற்களுக்கு கனடாவின் சொல் வங்கியான டெர்மியம் பிளஸ் நல்லது, ஒவ்வொரு சொல்லுக்கும் துறை குறித்திருக்கும்.