கட்டாரில் இருந்து ஈ-ரீடர் வாங்கப் போகிறேன்: கொக்கட்டிச்சோலை என்று எழுதினால் ஒழுங்காகத் தெரியுமா?

காரைதீவான்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைதீவு. ஆறு வருசமாகக் கட்டாரில் ஸ்டோர் கீப்பர் வேலை. போன லீவு முடிந்து திரும்பும்போது பன்னிரண்டு புத்தகம் எடுத்து வைத்தேன். அம்மா ஒரு பக்கத்தில் கருவாடு, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், ஒரு போத்தல் தேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். தராசில் 34 கிலோ காட்டியது. எனக்கு அனுமதி 30. கருவாட்டில் கைவைக்க அம்மா விடவில்லை, புத்தகங்கள்தான் இறங்கின. இரண்டே இரண்டு என்னோடு வந்தன, இரண்டும் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டன.

ஃபோனில் வாசிக்கலாமே என்பீர்கள். அறையில் நாங்கள் நான்கு பேர், இரண்டடுக்குக் கட்டில். ஒன்பதரைக்கு லைட் அணைந்துவிடும். மேல்கட்டிலில் நான் ஃபோனைப் பிடித்தால் வெளிச்சம் முகட்டில் பட்டு எதிர்க்கட்டில் நேபாளக்காரர் முகத்தில் விழுகிறது. பாவம், அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். எனக்கும் அரை மணித்தியாலத்தில் கண் எரிகிறது. வாசிக்கத் தொடங்கி வாட்ஸ்அப்பில் போய் முடிவது தனிக்கதை.

அதனால் ஈ-இங்க் திரை, அதாவது தாளில் அச்சடித்த மாதிரித் தெரிகிற கறுப்பு வெள்ளைத் திரை, உள்ள வாசிப்புக் கருவி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் 600 ரியால் இருக்கிறது. டொலருக்கு 3.64 ரியால் என்ற மாறாத கணக்கில் 165 டொலர் வரும். இங்கே ஒரு கடையில் அமேசனுடைய கிண்டில் பேப்பர்வைட்டுக்கு 780 சொன்னார்கள். அமெரிக்காவில் அது 2024இல் வந்தபோது 160 டொலர், விளம்பரம் காட்டுகிற மொடல். மச்சான் ஒருவர் அங்கிருந்து வரும்போது கொண்டுவரலாம் என்கிறார்.

நான் வாசிப்பது தமிழ் மட்டும்தான். பாதி, நூலகம் என்ற இணையத்தளத்தில் இறக்கிய பழைய ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள். எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். மீதி நாவல்கள், சிறுகதைகள். ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் மலர் ஒன்றும் பிடிஎஃப் ஆக இருக்கிறது. இதெல்லாம் சின்னத் திரையில் சரிவருமா? எழுத்து உடையாமல் தெரியுமா? வாங்கிய ஆட்கள் சொல்லுங்கள்.

சாய்ந்தமருது நானா:

தம்பி, ஜித்தாவில் பதினொரு வருசம் இருந்தேன், இப்போது ஊரில். அந்த மேல்கட்டில் வாழ்க்கை எனக்கும் தெரியும். என்னிடம் கிண்டிலும் இருக்கிறது, வேறு கம்பனியின் கருவியான கோபோவும் இருக்கிறது, ஆகவே சண்டைக்கு வரமாட்டேன்.

எழுத்து விசயத்தை முதலில் சொல்கிறேன், அதில்தான் நம்முடைய ஆட்கள் அடிபடுகிறார்கள். எந்தக் கருவியானாலும் நீங்கள் தலைப்பில் போட்ட கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப்பெயரையே ஏற்றிப் பாருங்கள். பகிடி இல்லை. அதில் கொ இருக்கிறது: கொம்பு முன்னால், கால் பின்னால், க நடுவில் நிற்கவேண்டும். சோவும் அப்படித்தான். லையில் சங்கிலி முன்னுக்கு வரவேண்டும். மேலே புள்ளி வைத்த எழுத்து மூன்று. தமிழ் தெரியாத கருவி அந்தக் கொம்பைக் கொண்டுபோய் எழுத்துக்குப் பின்னால் வைக்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்றைப் போட்டு அதிலே தொங்கவிடும். ஒரு சொல்லிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போதைய கிண்டில்களில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. 2016 கடைசியில் இருந்து அமேசன் கடையிலேயே தமிழ்ப் புத்தகம் விற்கிறார்கள். மிகப் பழைய கிண்டில் யாராவது சும்மா தருகிறேன் என்றால் வேண்டாம், எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாகத்தான் வரும். கோபோ என் கைக்கு வந்தபோதும் பெட்டிதான் வந்தது. அதைக் கணினியில் செருகி, ஃபொண்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு கோப்புறை திறந்து, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டேன். மறுகா பிரச்சினை இல்லை. கோரீடர் என்ற இலவசச் செயலியையும் அதில் ஏற்றலாம், அது தமிழ் எழுத்துகளை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டுகிறது.

இனி உங்கள் ஸ்கேன் பிடிஎஃப். இதில் உண்மையைச் சொல்லவேண்டும். 6 அங்குலத் திரை என்றால் சுமார் 9 சென்ரிமீற்றர் அகலம், 12 உயரம். நாங்கள் கையில் பிடிக்கிற சாதாரணக் கதைப் புத்தகம் 14க்கு 21. அந்தப் பக்கத்தைச் சுருக்கி இதற்குள் அடைத்தால் எழுத்து எறும்பு மாதிரி. கருவியைச் சரித்துப் பிடித்து அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசிக்கலாம், முதல் நாள் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும். இன்னொரு வழி கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள். அது எழுத்தை வாசிப்பதில்லை. பக்கத்தைப் படமாகவே வைத்துச் சொல் சொல்லாக வெட்டி, சின்னத் திரையின் அகலத்துக்குத் திரும்ப அடுக்கித் தரும். படத்தைத்தானே வெட்டுகிறது, தமிழா சிங்களமா என்று அதற்குக் கவலை இல்லை. ஆனால் ஸ்கேன் கோணலாக இருந்தாலோ, இரண்டு பத்தியாக அச்சடித்த சஞ்சிகையாக இருந்தாலோ சில பக்கம் குழம்பும். பழைய சஞ்சிகை வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 10 அங்குலத் திரை வேண்டும், அதற்கு 600 ரியால் காணாது.

கோயில் மலரைப் பற்றி ஒன்று. அது பாமினி என்ற பழைய எழுத்துருவில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து, அடித்ததாக இருக்கும், நம் பக்கத்து மலர்கள் அநேகம் அப்படித்தான். பிடிஎஃப் ஆகப் பார்த்தால் அழகாகத் தெரியும். ஈபப் என்ற மின்நூல் கோப்பாக மாற்றினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். பயப்படவேண்டாம், பாமினியை இப்போதைய பொது முறையான யுனிகோடாக்கும் மாற்றி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முதலில் அதற்குள் போட்டு எடுங்கள்.

மண்டூர்க்காரன்:

அந்தக் காசுக்கு ஒரு டெப் (டெப்லட்) வாங்கினால் படமும் பார்க்கலாம், பிடிஎஃப்பும் பெரிசாகத் தெரியும், அம்மாவோடு வீடியோவில் கதைக்கவும் உதவும். கறுப்பு வெள்ளைக்கு ஏன் 600 ரியால்?

சாய்ந்தமருது நானா:

தம்பி மண்டூர், அவருடைய பிரச்சினையே எதிர்க்கட்டில்காரரின் முகம். டெப் என்றால் ஃபோனை விடப் பெரிய லாம்பு. ஈ-இங்கில் விளக்கு திரையின் ஓரத்திலிருந்து தாளில் படுகிற மாதிரிப் படும், கண்ணுக்கு நேரே அடிக்காது. ஆகக் குறைத்து வைத்தால் பக்கத்தில் படுத்தவருக்கும் தெரியாது. வீடியோவும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. அதுதான் அதன் பெருமை.

கல்லடிப் பிள்ளை:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், ஊர் கல்லடி. கோபோ கிளாரா பிளாக் அண்ட் வைட் வைத்திருக்கிறேன், 2024இல் வந்தது, 6 அங்குலம். தண்ணீர் பட்டாலும் தாங்கும். கிண்டிலில் பேப்பர்வைட் தாங்கும், ஆகக் குறைந்த விலைக் கிண்டில் தாங்காது, மஞ்சள் வெளிச்சமும் அதில் இல்லை.

கிண்டிலை நான் விட்டதற்குக் காரணம் ஒன்று. 2025 பெப்ரவரி 26க்குப் பிறகு, வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைக்கிற வசதியை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்தும் இரவல் வாங்கிய மாதிரி. ஆனால் அண்ணன் வாசிக்கிறதில் பாதி நூலகம் தளத்துப் பிடிஎஃப், அதற்கு இது பொருந்தாது. சொந்தக் கோப்பை அனுப்புகிற வழி திறந்துதான் இருக்கிறது: மின்னஞ்சலில் 50 எம்பி வரை, அவர்களுடைய இணையப் பக்கத்தில் 200 எம்பி வரை. ஈபப்பும் ஏற்கிறது. வயர் போட்டும் ஏற்றலாம்.

அமேசன் கணக்குத் திறக்கும்போது எந்த நாட்டுக் கடை என்று பார்த்துத் திறவுங்கள் அண்ணா. இந்தியக் கடைக்கு வாங்கின கிஃப்ட் கார்ட் அமெரிக்கக் கடையில் செல்லாது. எனக்கு ஒருவர் அன்பாக அனுப்பியது அப்படியே கிடக்கிறது.

மற்றது, மச்சான் கொண்டுவந்தால் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், பெட்டிக்குள் போடவே வேண்டாம். என் முதல் கருவியைச் சூட்கேசில் உடுப்புக்கு நடுவில் பத்திரமாக வைத்ததாக நினைத்தேன். மேலே இரண்டு பால்மா டின். மட்டக்களப்பு வீட்டில் திறந்தால் வெளிக்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் திரையின் கீழ்ப்பாதி கோடு கோடாக உறைந்துபோய் நின்றது. உடைந்தது உள்ளே இருக்கிற மெல்லிய கண்ணாடி. விற்ற கடைக்கு எழுதினேன், வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் உத்தரவாதம் இல்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அந்த மாரி முழுக்க மேல்பாதியில் மட்டும் வாசித்தேன்.

காரைதீவான்:

நானா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. மண்டூர் அண்ணனுக்கும்தான், டெப் அம்மாவுக்கு வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்பனிக் கணக்குப்பிள்ளை மலையாளி, அவரிடம் 2021 மொடல் பேப்பர்வைட் ஒன்று இருந்தது, 6.8 அங்குலத் திரை. பிள்ளை பிறந்த பிறகு தொடவே நேரமில்லை என்றார். கொக்கட்டிச்சோலையை வேர்டில் அடித்து அவர் கணக்குக்கே அனுப்பச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் வந்தது. கொம்பு முன்னால், கால் பின்னால், சங்கிலி தன் இடத்தில். சந்தேகத்துக்குக் கிரான்குளமும் நொச்சிமுனையும் அனுப்பினேன், தேறிவிட்டன. இது என்ன மந்திரம் என்று கேட்டார். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் என்றேன். 300 ரியாலுக்குப் பேசி முடித்தேன், அவர் கணக்கை நீக்கி என்னுடையதைப் போட்டுத் தந்தார்.

நேற்று இரவு மேல்கட்டிலில் விளக்கை மூன்றில் வைத்து நாற்பது பக்கம் வாசித்தேன். நேபாளக்காரர் போர்வையை இழுக்கவில்லை, குறட்டைதான் கேட்டது. அது நாவல். நூலகத்துப் பிடிஎஃப் ஒன்றைச் சும்மா திறந்து பார்த்தேன், நானா சொன்ன எறும்புதான். அந்த வெட்டி அடுக்குகிற மென்பொருளை வெள்ளிக்கிழமை லீவில் போட்டுப் பார்க்கிறேன். நானா, ஸ்கேன் பக்கத்தின் நடுமடிப்பில் கறுப்பு நிழல் விழுந்திருந்தால் அதையும் ஒரு சொல்லென்று நினைத்து வெட்டுமா, இல்லை முதலில் ஓரத்தை நான் வெட்டிக் கொடுக்கவேண்டுமா?

சாய்ந்தமருது நானா:

ஓரத்தை வெட்டிக் கொடுங்கள் தம்பி. அந்த நிழலை அது பெரிய எழுத்தென்று நினைத்துப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு வரும்.