காலையில் ஒரு கண், மாலையில் ஒரு கண்

கோலக்காரியின் மகள்:

என் அம்மாவுக்கு 68 வயது. போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை அவர் போட்ட கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, புள்ளி வரிசை தப்பிவிட்டதே?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்று மத்தியானம் வரை சாப்பிடவில்லை.

கண்ணாடியை மாற்றினோம். மூன்று மாதத்தில் மறுபடியும் மாற்றினோம். சமையலை முடிக்காமல் அம்மா வீட்டை விட்டு நகரமாட்டார் என்பதால் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மணி 12 ஆகிவிடும். அங்கே பலகையின் கடைசி வரிவரை சரளமாகப் படிப்பார். மறுநாள் விடிந்தால் பழைய கதைதான். தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம், நாள்காட்டி எழுத்தெல்லாம் பனி மூடியதுபோல. மாலையிலோ, ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடமாட்டார். கோலம் போட அலுத்துக்கொண்டு சாக்கு சொல்கிறாரோ என்றுகூட நான் நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான், "எந்த நேரத்தில் மங்குகிறது?" என்று கேட்டார். அதற்குமுன் யாரும் கேட்கவில்லை; நாங்களாகவும் சொல்லவில்லை. கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள், உள்ளே ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றனவாம். தூக்கத்தில் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை. அதனால் எல்லோருக்குமே இரவில் கருவிழி சிறிது உப்பி, எழுந்த ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அம்மாவுக்கு அந்தச் செல்கள் குறைந்துவிட்டதால் வடிய உச்சிப்பொழுது ஆகிறது. 1910-இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் விவரித்த நோய். அவர் பெயராலேயே வழங்குகிறது.

இப்படி நேரம் பார்த்து வரும் கண் கோளாறு உங்களில் யாருக்காவது உண்டா?

அரைத்தூக்கம்:

என்னுடையது நோயில்லை, கூத்து. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பின்னிரவு வரை கைப்பேசி பார்ப்பேன். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தால் இடக்கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாதம் என்றே முடிவுகட்டி அண்ணனை எழுப்பி அழுதேன். அவர் விளக்கைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. தலையணையில் புதைந்திருந்த வலக்கண் இருட்டுக்குப் பழகியிருந்தது, திரையைப் பார்த்த இடக்கண் வெளிச்சத்துக்குப் பழகியிருந்தது; அவ்வளவுதான். 2016-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இதே அனுபவம் உள்ள இரண்டு பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அண்ணன் இன்னும் கிண்டல் செய்கிறார்.

ராத்திரி வண்டி:

22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம் என் கண்ணில் குறையில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் சாலையின் வெள்ளைக்கோடு இரண்டாகப் பிரியும். ஒரு கண்ணை மூடினால் கோடு ஒன்றாகிவிடும். பகலில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. என் வலக்கண்ணுக்கு வெளிப்பக்கம் ஒதுங்கும் இயல்பு உண்டாம். விழிப்பாக இருக்கும் மூளை அதை இழுத்துப் பிடித்து இரு கண்ணின் படத்தையும் ஒன்றாக்குகிறது, தூக்கம் கெட்டால் பிடி தளர்கிறது என்றார் மருத்துவர்.

இரட்டைக்கோடாவது தெரிகிறது. எனக்குப் பயம் இன்னொன்றில். ஒருமுறை பெரம்பலூர்ப் பக்கம், சுங்கச்சாவடியைக் கடந்தது எனக்கு நினைவே இல்லை. பணம் பிடித்த குறுஞ்செய்தி மட்டும் போனில் இருந்தது. கண் திறந்துதான் இருந்திருக்கிறது, வண்டியும் நேராகத்தான் போயிருக்கிறது. முகம் கழுவுவது, டீ குடிப்பது, சத்தமாகப் பாட்டு வைப்பது எல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். கிளீனர் பையன் ஒருநாள் "அண்ணே, முன்னால் வண்டி!" என்று கத்தினான். அதற்குப் பிறகு நான்கு மணிக்கு ஓரம்கட்டிப் படுத்துவிடுகிறேன். முதலாளி திட்டுகிறார். திட்டட்டும்.

சனி நீராடு:

எல்லாம் உடல் சூடுதான். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துப் பாருங்கள், கண் குளிரும்.

மூத்தவன்:

அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஐயா. குளித்தால் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. பகலில் அளந்தபோதெல்லாம் கண் அழுத்தம் 17, 18. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஒரு மருத்துவர் ஒருநாள் முழுக்கத் தங்கவைத்து மூன்று மணிக்கொரு முறை அளந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு 26! மல்லாந்து படுத்தாலே ஏறும், விடியும் நேரத்தில் இன்னும் ஏறுகிறவர்கள் உண்டு என்றார். புறநோயாளிப் பிரிவு திறக்கும்முன் அது இறங்கிவிடுகிறது. பிறகு எப்படித் தெரியும்?

குரல்வழி:

நான் இதையெல்லாம் காதால் வாசிக்கிறேன். சிறுவயதில் நோயால் என் இரண்டு கண்களையும் அகற்றிவிட்டார்கள். உங்களுக்குப் பொழுது கண்ணைக் கெடுக்கிறது. எனக்குக் கண் இல்லாததால் பொழுதே கெட்டுவிட்டது. என் தூக்கம் நாளொன்றுக்கு அரைமணி நேரம்போலத் தள்ளிப்போகும். ஒன்றரை மாதத்தில் கடிகாரத்தை முழுதாகச் சுற்றி, பழைய இடத்துக்கு வந்து நிற்கும். நடுப்பகலில் வகுப்பில் தூங்கி விழுவேன், இரவு மூன்று மணிக்குச் சுறுசுறுப்பாக இருப்பேன். விடுதிக் காப்பாளர் வைத்த பெயர், சோம்பேறி.

அறைத் தோழனுக்கும் பார்வை கிடையாது, வெளிச்சம்கூடத் தெரியாது. அவனோ பத்து மணிக்குக் குறட்டைவிடுவான். இந்த வித்தியாசம் எனக்குப் புதிராகவே இருந்தது. விழித்திரையில் காட்சிக்கான செல்கள் தவிர, நீல வெளிச்சத்தை உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்கு நேரம் சொல்லும் செல்கள் தனியாக இருக்கின்றன என்று 2002-இல் நிறுவினார்கள். அவனுக்குக் காட்சி போய்விட்டது, அந்தச் செல்கள் பிழைத்துக்கொண்டன. என்னிடம் வைத்துக்கொள்ள விழியே இல்லை. இப்போது மருத்துவர் சொன்ன நேரத்தில் தினமும் மெலடோனின் எடுத்துக்கொள்கிறேன், ஓரளவு நிலைத்திருக்கிறது. "பார்வைதான் இல்லையே, இந்தக் கண் எதற்கு?" என்று யாராவது சொன்னால், எடுக்கும்முன் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

கோலக்காரியின் மகள்:

குரல்வழி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், அந்தப் பிள்ளையைப் போய்ச் சோம்பேறி என்றார்களே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உப்புச் சொட்டு மருந்து போடுகிறார். காலையில் எழுந்ததும் ஹேர் டிரையரைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, இளஞ்சூட்டுக் காற்றைக் கொஞ்ச நேரம் கண்ணில் படவிடுகிறார். இதுவும் மருத்துவர் சொல்லித்தந்ததுதான். நீர் சீக்கிரம் ஆவியாகுமாம்.

கோலத்தை முந்தின இரவே போட்டுவிடுகிறார். நேற்று இரவு ஒன்பது மணிக்கு 21 புள்ளி. காலையில் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று வரிசையை எண்ணியதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். முகம் தெரியவில்லையாம், விரல் அசைந்தது மட்டும் தெரிந்ததாம்.